நைட்ரஜனில் ஒட்டிய ஹைட்ரஜன் எப்போது அமிலமாகிறது?

அமீன் என்றாலே காரம் என்றுதான் பள்ளிப் பாடத்தில் மனதில் பதிகிறது. அதில் தவறில்லை. ஆனால் அமீனில் இருக்கும் அதே நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புதான் சாக்கரினிலும் இருக்கிறது. சாக்கரினோ அசிட்டிக் அமிலத்தைவிட வலிமையான அமிலம். சோடியம் பைகார்பனேட் கரைசலில் அதைப் போட்டால் கார்பன் டைஆக்சைடு நுரைத்துக்கொண்டு வரும். சர்க்கரைக்குப் பதிலாகப் பயன்படுத்துகிற சாக்கரின் பெரும்பாலும் அதன் சோடியம் உப்பாகவே விற்கப்படுவதற்கும் இந்த அமிலத்தன்மைதான் காரணம். அமில வடிவம் நீரில் சரியாகக் கரையாது, உப்பு எளிதில் கரையும்.

எண்களாகப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும். அம்மோனியாவின் பிகேஏ (pKa, அமில வலிமையைக் காட்டும் எண்) சுமார் 38. அசிட்டமைடுக்கு 15. தாலிமைடுக்கு 8.3. சாக்கரினுக்குச் சுமார் 2. பிகேஏ ஒன்று குறைந்தால் அமில வலிமை பத்து மடங்கு கூடும். அப்படியென்றால் ஒரே வகைப் பிணைப்பில், சுற்றியுள்ள அமைப்பு மாறுவதால் மட்டும், 10-இன் 36ஆம் அடுக்கு அளவுக்கு வேறுபாடு வருகிறது. கரிம வேதியியலில் அமைப்புக்கும் பண்புக்கும் உள்ள தொடர்பைக் கற்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எந்த பிகேஏ?

தொடங்குவோர் இடறும் முதல் இடம் இது. "அனிலினின் பிகேஏ 4.6" என்று ஒரு அட்டவணை சொல்லும். "அனிலினின் பிகேஏ 30.6" என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் சரி, ஆனால் இரண்டும் வெவ்வேறு வினைகளைப் பற்றியவை.

முதலாவது, அனிலினியம் அயனியின் மதிப்பு. அனிலின் ஒரு புரோட்டானை ஏற்று நேர்மின்சுமை பெற்ற பிறகு, அந்தப் புரோட்டானை எவ்வளவு எளிதில் திருப்பித் தருகிறது என்பதை அது சொல்கிறது. ஆகவே அது உண்மையில் அனிலினின் காரத்தன்மையின் அளவு. இரண்டாவது, நடுநிலை அனிலினே தன் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்சுமை கொண்ட அனிலைடு அயனியாக மாறுவதற்கான மதிப்பு. டைமெத்தில் சல்ஃபாக்சைடு கரைப்பானில் அளந்தது. அனிலினின் அமிலத்தன்மை என்று சொல்ல வேண்டியது இதைத்தான்.

இமிடசோல் இரண்டையும் சேர்த்துக் காட்டும் நல்ல உதாரணம். இமிடசோலியம் அயனி நடுநிலை இமிடசோலாக மாறும் மதிப்பு 7.0. நடுநிலை இமிடசோல் மேலும் ஒரு புரோட்டானை இழந்து எதிரயனியாக மாறும் மதிப்பு சுமார் 14.5. எனவே எந்த எண்ணைப் பார்த்தாலும், அம்புக்குறியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் என்ன மின்சுமை இருக்கிறது என்று எழுதிப் பார்த்துவிட்டே அடுத்த அடி வைக்க வேண்டும். தேர்வுத் தாள்களில் வரும் தவறுகளில் பாதி இந்த ஒரு வரியை எழுதாததால் வருபவை.

இந்தக் கட்டுரையில் முதலில் நடுநிலை மூலக்கூறு புரோட்டான் இழப்பதைப் பார்ப்போம். அம்மோனியம் வகை அயனிகள் பின்னால் வரும்.

புரோட்டான் போன பிறகு மிஞ்சுவது என்ன?

அமில வலிமையைக் கணிக்க ஹைட்ரஜனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. புரோட்டான் விலகிய பின் அங்கே ஒரு எலக்ட்ரான் இரட்டை மிஞ்சுகிறது, அதனோடு ஒரு எதிர்மின்சுமையும். அந்தச் சுமை எங்கே தங்கும், எவ்வளவு பரவும் என்பதே முக்கியம். சுமை வசதியாக அமர இடம் இருந்தால் புரோட்டான் எளிதில் போகும்.

முதல் காரணி அணுவே. மீத்தேன் சுமார் 48, அம்மோனியா 38, நீர் 15.7, ஹைட்ரஜன் ஃபுளூரைடு 3.2. தனிம அட்டவணையின் ஒரே வரிசையில் வலப்பக்கம் நகர நகர எலக்ட்ரான் கவர்திறன் கூடுகிறது, எதிர்மின்சுமையைத் தாங்கும் திறனும் கூடுகிறது. நைட்ரஜன் ஆக்சிஜனைவிடக் கவர்திறன் குறைந்தது. அதனால் மெத்தனாலின் பிகேஏ 15.5 என்றிருக்க, சாதாரண அமீன்கள் 35-க்கும் மேலே நிற்கின்றன. தன்னிடம் விடப்பட்ட எதிர்மின்சுமையை நைட்ரஜனால் தனியாகச் சமாளிக்க முடிவதில்லை. ஆகவே இனி வரும் ஒவ்வொரு உதாரணத்திலும் கேட்க வேண்டியது ஒன்றே: நைட்ரஜனுக்கு யார் உதவுகிறார்கள்?

பென்சீன் வளையம் செய்யும் உதவி

இந்தப் பகுதியின் எண்கள் எல்லாம் டைமெத்தில் சல்ஃபாக்சைடில் அளந்தவை. அம்மோனியாவுக்கு இங்கே 41. ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் ஃபீனைல் தொகுதி வந்தால் அனிலின், 30.6. இரண்டாவது ஃபீனைலும் வந்தால் டைஃபீனைலமீன், 25.0. எதிர்மின்சுமை உடனிசைவு (எலக்ட்ரான்கள் பல அணுக்களில் பகிரப்படுவது) மூலம் வளையத்தின் ஆர்த்தோ (நைட்ரஜன் ஒட்டிய கார்பனுக்கு அடுத்த), பாரா (அதற்கு நேர் எதிர்) கார்பன்களுக்குப் பரவுவதே காரணம். முதல் வளையம் பத்து அலகுகளைக் குறைக்க, இரண்டாவது வளையம் ஐந்தரை அலகுகளைத்தான் குறைக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே பரவிவிட்ட சுமையை மேலும் பரப்புவதில் ஆதாயம் குறைவு. போதாததற்கு, இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே தளத்தில் முழுமையாகப் படுக்கவும் முடியாது. அவற்றை ஒரு பிணைப்பால் கட்டித் தட்டையாக்கினால் கார்பசோல், பிகேஏ 19.9-க்கு இறங்கிவிடுகிறது.

வளையத்தின் பாரா இடத்தில் நைட்ரோ தொகுதி வைத்தால் விளைவு மிகப் பெரிது. பாரா-நைட்ரோஅனிலினின் மதிப்பு 20.9. அனிலினைவிடக் கிட்டத்தட்ட 500 கோடி மடங்கு வலிமையான அமிலம். கார்பன்களில் தங்க வேண்டியிருந்த சுமை இப்போது நைட்ரோவின் ஆக்சிஜன்கள் வரை போகிறது. நைட்ரோ மெட்டா இடத்தில் (ஆர்த்தோவுக்கும் பாராவுக்கும் நடுவே) இருந்தால் அந்த வழி அடைபடும். உடனிசைவு வடிவங்களை வரைந்து பாருங்கள்: மெட்டா கார்பனில் எதிர்மின்சுமை வந்து நிற்கும் வடிவம் ஒன்றுகூடக் கிடைக்காது. மெட்டா நைட்ரோ எலக்ட்ரான்களைப் பிணைப்புகள் வழியாக இழுக்கும் தூண்டல் விளைவை மட்டுமே தரும். அதுவும் உதவிதான், ஆனால் சிறிய உதவி.

கார்பனைல் பக்கத்தில் வந்தால்

நைட்ரஜனுக்கு அடுத்து கார்பனைல் தொகுதி வந்தால் அது அமைடு. புரோட்டான் போன பின் சுமை நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே பகிரப்படுகிறது. நீரில் அசிட்டமைடின் பிகேஏ சுமார் 15.1, கிட்டத்தட்ட ஆல்கஹால் அளவு அமிலத்தன்மை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கார்பாக்சிலிக் அமிலத்திலும் அதே கார்பனைல்தான், அதற்கு 4.8. அமைடு ஏன் பத்து அலகு பின்தங்குகிறது? ஒரு காரணம், நைட்ரஜன் ஆக்சிஜன் அல்ல என்பது. இன்னொன்று பலரும் மறப்பது: நடுநிலை அமைடே ஏற்கெனவே நிலைப்புத்தன்மை பெற்ற மூலக்கூறு. அதன் நைட்ரஜனில் உள்ள தனித்த எலக்ட்ரான் இரட்டை கார்பனைலோடு உடனிசைவில் ஈடுபட்டுவிட்டது. தொடங்கும் இடமும் தாழ்வாக இருப்பதால், எதிரயனிக்குக் கிடைக்கும் நிலைப்பு முழுவதும் அமிலத்தன்மையாக வெளியே தெரிவதில்லை. எதிரயனியை மட்டும் பார்த்துவிட்டு நடுநிலை வடிவத்தை மறந்தால் கணிப்பு தவறும் என்பதற்கு அமைடு நல்ல எச்சரிக்கை.

இன்னொரு கார்பனைலும் சேர்ந்தால் இமைடு. சக்சினிமைடுக்கு 9.6, தாலிமைடுக்கு 8.3. நடுநிலை இமைடில் இரண்டு கார்பனைல்களும் ஒரே எலக்ட்ரான் இரட்டைக்குப் போட்டியிடுகின்றன, ஆகவே அங்கே கூடுதல் நிலைப்பு அதிகமில்லை. எதிரயனியிலோ சுமை இரண்டு ஆக்சிஜன்களுக்கும் பரவுகிறது. ஆதாயம் எதிரயனி பக்கம் சாய்கிறது.

1887-இல் சீக்மண்ட் கேப்ரியல் முதல்நிலை அமீன்களை (நைட்ரஜனில் ஒரே ஒரு கார்பன் தொகுதி உள்ளவற்றை) தயாரிக்க வகுத்த முறை இந்த அமிலத்தன்மையை நம்பியே நிற்கிறது. எத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தாலிமைடின் புரோட்டானை முழுமையாக எடுத்துவிடும். கிடைக்கும் பொட்டாசியம் தாலிமைடை ஆல்கைல் ஹாலைடோடு வினைப்படுத்தி, பிறகு ஹைட்ரசீனால் உடைத்தால் முதல்நிலை அமீன் மட்டும் கிடைக்கும். நைட்ரஜனில் ஒரே ஒரு ஹைட்ரஜன் இருந்ததால் இரண்டாம் முறை ஆல்கைல் ஏற இடமே இல்லை. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் தாலிமைடைக் கரைத்து நெடுநேரம் வைத்துவிட்டால் மட்டும் வேலை கெடும்: ஹைட்ராக்சைடு கார்பனைலைத் தாக்கி வளையத்தைத் திறந்துவிடும். கரைத்தவுடன் அமிலமாக்கினால் தாலிமைடு திரும்பக் கிடைக்கும். அடுத்த நாள் வந்து அமிலமாக்கினால் கிடைப்பது வேறு பொருள்.

மருத்துவமனையில் இதே வேதியியலைத் தினமும் காணலாம். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயினின் வளையத்தில் இரண்டு கார்பனைல்களுக்கு நடுவே ஒரு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு. அதன் பிகேஏ சுமார் 8.3. நடுநிலை வடிவம் நீரில் கரையாது. அதனால் ஊசி மருந்தில் அது சோடியம் உப்பாக, பிஎச் 12 அளவில், வைக்கப்பட்டிருக்கிறது. இதை டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தில் கலந்தால் அந்தத் திரவத்தின் அமிலத்தன்மை எதிரயனிக்குப் புரோட்டானைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஃபெனிட்டாயின் படிகமாக வீழ்படியும். அதனால்தான் அதை டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது, நார்மல் சலைனில்தான் நீர்க்க வேண்டும் என்பது விதி.

சல்ஃபோனைல்: இன்னும் வலிமையான இழுப்பு

கார்பனைலுக்குப் பதில் சல்ஃபோனைல் தொகுதி வந்தால் சல்ஃபோனமைடு. டைமெத்தில் சல்ஃபாக்சைடில் பென்சமைடு 23.3, பென்சீன்சல்ஃபோனமைடு 16.1. ஏழு அலகு வேறுபாடு. நீரில் பென்சீன்சல்ஃபோனமைடின் மதிப்பு 10.1, அதாவது ஃபீனாலுக்கு நிகர். சல்ஃபரில் இரண்டு ஆக்சிஜன்கள் இருப்பதால் அந்த சல்ஃபர் மீது நேர்மின்தன்மை மிகுதி. பக்கத்து நைட்ரஜனில் உருவாகும் எதிர்மின்சுமையை அது பலமாக நிலைப்படுத்துகிறது. நடுநிலை வடிவத்திலோ அமைடில் இருப்பது போன்ற உடனிசைவு நிலைப்பு இங்கே குறைவு. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன. சாக்கரினின் நைட்ரஜனுக்கு ஒரு பக்கம் கார்பனைல், மறு பக்கம் சல்ஃபோனைல். எண் 2-க்கு இறங்கியது அதனால்தான்.

முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை அமீன்களைப் பிரித்தறிய ஆஸ்கர் ஹின்ஸ்பர்க் 1890-இல் தந்த சோதனை, இந்த அமிலத்தன்மையைக் கண்ணால் பார்க்க வைக்கிறது. செய்முறை இது. சோதனைக் குழாயில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் 5 மி.லி. எடுத்து, அமீன் 0.2 மி.லி. சேர்க்க வேண்டும். பென்சீன்சல்ஃபோனைல் குளோரைடு 0.4 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அடைப்பானை மூடி, இடையிடையே திறந்து அழுத்தத்தை வெளியேற்றியபடி ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு லேசாகச் சூடாக்கி, மிஞ்சிய குளோரைடின் நெடி போகும் வரை வைத்து, குளிரவிட்டு, கரைசல் இன்னும் காரமாக இருக்கிறதா என்று லிட்மஸில் பார்க்க வேண்டும். அந்தக் குளோரைடு கண்ணையும் தோலையும் தாக்கும். புகைபோக்கிப் பெட்டிக்குள், கையுறையோடுதான் வேலை.

முதல்நிலை அமீன் தரும் சல்ஃபோனமைடில் நைட்ரஜன் மேல் இன்னும் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. அதன் பிகேஏ 11-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதால், ஹைட்ராக்சைடு அதைப் பிடுங்கிவிடும்; பொட்டாசியம் உப்பு கரைந்து தெளிந்த கரைசல் கிடைக்கும். அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் வெள்ளை வீழ்படிவு வரும். இரண்டாம்நிலை அமீன் தரும் சல்ஃபோனமைடில் இழக்க ஹைட்ரஜனே இல்லை, ஆகவே காரத்தில் கரையாமல் திண்மமாக நிற்கும். மூன்றாம்நிலை அமீன் வினைப்படாமல் எண்ணெயாகத் தங்கி, அமிலம் விட்டதும் அம்மோனியம் உப்பாகக் கரைந்துவிடும்.

முடிவு குழம்பும் இடங்கள் மூன்று. குளோரைடை அளவுக்கு மீறிச் சேர்த்தால் முதல்நிலை அமீனில் இரண்டு சல்ஃபோனைல் தொகுதிகள் ஏறிவிடும். அமில ஹைட்ரஜன் போய்விடுவதால் அது இரண்டாம்நிலை அமீன் போலக் கரையாமல் நின்று ஏமாற்றும். நீண்ட கார்பன் சங்கிலியோ பெரிய சைக்ளோஆல்கைல் தொகுதியோ கொண்ட முதல்நிலை அமீன்களில் உப்பு உருவானாலும் அந்த உப்பே நீரில் சரியாகக் கரையாது. சோடியம் உப்பைவிடப் பொட்டாசியம் உப்பு கூடுதலாகக் கரைவதால்தான் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைப் பரிந்துரைக்கிறோம். மூன்றாவது, சிதையாமல் மிஞ்சிய சல்ஃபோனைல் குளோரைடு அடியில் கனமான எண்ணெயாகக் கிடக்கும். அதைப் பார்த்து மூன்றாம்நிலை அமீன் என்று எழுதிவிடுவார்கள். சூடாக்கும் படியைத் தாண்டக் கூடாது என்பது இதற்காகத்தான்.

சல்ஃபா மருந்துகளில் பிகேஏவைத் திருப்பிய விதம்

பாக்டீரியாவை எதிர்க்கும் சல்ஃபா மருந்தான சல்ஃபனிலமைடில் இரண்டு நைட்ரஜன்கள், இரண்டிலும் இரண்டிரண்டு ஹைட்ரஜன்கள். காரம் சேர்த்தால் எந்த ஹைட்ரஜன் போகும்? அமிலம் சேர்த்தால் புரோட்டான் எங்கே ஏறும்? வளையத்தில் நேரடியாக ஒட்டிய நைட்ரஜனுக்கு உதவி வளையம் மட்டுமே. சல்ஃபோனைலில் ஒட்டிய நைட்ரஜனுக்கு சல்ஃபோனைலே பக்கத்தில். எனவே புரோட்டான் போவது சல்ஃபோனமைடு நைட்ரஜனிலிருந்து, 10.4 மதிப்பில். அமிலத்தில் புரோட்டானை ஏற்பது மற்ற நைட்ரஜன். ஒரே மூலக்கூறில் ஒரு நைட்ரஜன் அமிலம், மற்றொன்று காரம்.

10.4 என்பது இரத்தத்தின் பிஎச் 7.4-க்கு மிக மேலே. ஆகவே உடலில் சல்ஃபனிலமைடு ஏறத்தாழ முழுவதும் நடுநிலையாகவே இருக்கும். சல்ஃபோனமைடு நைட்ரஜனின் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அங்கே எலக்ட்ரான் கவரும் வளையத்தை ஒட்டினால் கதை மாறுகிறது. பிரிமிடின் வளையம் வைத்தால் சல்ஃபாடயசின், 6.5. ஐசாக்சசோல் வளையம் வைத்தால் சல்ஃபாமெத்தாக்சசோல், சுமார் 5.7. இந்த வளையங்களில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் எதிர்மின்சுமையில் பங்கெடுக்கின்றன. 1942-இல் வேதியியலாளர்கள் பெல், ராப்லின் இருவரும் இத்தகைய பல சேர்மங்களின் பிகேஏவையும் பாக்டீரியாவுக்கு எதிரான திறனையும் ஒப்பிட்டு, அமிலத்தன்மை நடுத்தரமாக இருக்கும்போதுதான் திறன் உச்சத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள்.

சிறுநீரகத்துக்கும் இதில் பங்கு உண்டு. கரைசலின் பிஎச்சிலிருந்து பிகேஏவைக் கழித்து, அந்த எண்ணை 10-இன் அடுக்காகப் போட்டால், அயனி வடிவத்துக்கும் நடுநிலை வடிவத்துக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். சிறுநீரின் பிஎச் 5.5 என்றால் சல்ஃபாடயசினில் அயனியாக இருப்பது 9 சதவீதம்தான். மீதி கரைதிறன் குறைந்த நடுநிலை வடிவம், சிறுநீரகத்தில் படிகமாகப் படியும் அபாயம் உண்டு. பிஎச் 7.5-க்கு ஏறினால் 91 சதவீதம் அயனியாகிக் கரைந்துவிடும். சல்ஃபாடயசின் எடுப்பவரை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும், தேவைப்பட்டால் சிறுநீரைக் காரமாக்குவதும் இந்தக் கணக்கின் அடிப்படையில்தான்.

வளையத்துக்குள்ளேயே நைட்ரஜன்

பிர்ரோலிடின் சாதாரண அமீன். நீர்க் கரைசலில் அது அமிலமாக நடந்துகொள்வதே இல்லை. அதே ஐந்து அணு வளையம் அரோமேட்டிக் (ஆறு எலக்ட்ரான்கள் வளையம் முழுதும் பரவி நிலைப்படுத்தும் அமைப்பு) ஆகி பிர்ரோல் ஆனதும் பிகேஏ 17. இதற்கு "எதிரயனியும் அரோமேட்டிக், அதனால்தான்" என்று விளக்கம் சொல்வது வழக்கம். அது போதாது, ஏனெனில் நடுநிலை பிர்ரோலும் அரோமேட்டிக்தான். புரோட்டான் போகும்போது மிஞ்சும் எலக்ட்ரான் இரட்டை வளையத்தின் தளத்திலேயே, எஸ்பி2 ஆர்பிட்டலில் (எஸ், பி ஆர்பிட்டல்கள் கலந்து உருவானது), தங்குகிறது. அரோமேட்டிக் ஆறு எலக்ட்ரான்களில் அது சேர்வதில்லை. உண்மையான உதவி இரண்டு வழியில் வருகிறது. எஸ்பி2 ஆர்பிட்டலில் எஸ் பங்கு அதிகம், எலக்ட்ரான்கள் கருவுக்கு அருகே இருக்கும். மேலும், நைட்ரஜன் தன் மற்றொரு எலக்ட்ரான் இரட்டையை ஏற்கெனவே வளையத்துக்குக் கொடுத்துவிட்டதால் எலக்ட்ரான் குறைந்த நிலையில் இருக்கிறது. புதிய சுமையை ஏற்பது அதற்குச் சுலபம்.

இனி வளையத்தின் கார்பன்களை ஒவ்வொன்றாக நைட்ரஜனாக மாற்றிக்கொண்டே போகலாம். இமிடசோல் சுமார் 14.5, 1,2,4-ட்ரையசோல் 10.3, 1,2,3-ட்ரையசோல் 9.4, டெட்ரசோல் 4.9. ஒவ்வொரு புதிய நைட்ரஜனும் சுமையைத் தன் பக்கம் இழுக்கிறது. கடைசியில் நிற்கும் டெட்ரசோலின் மதிப்பு அசிட்டிக் அமிலத்தின் 4.76-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆக்சிஜன் ஒன்றுகூட இல்லாமலே.

மருந்து வடிவமைப்பாளர்கள் இந்த ஒற்றுமையை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். கார்பாக்சிலிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் டெட்ரசோலை வைத்தால், உடலின் பிஎச்சில் அதே எதிர்மின்சுமை கிடைக்கும், கொழுப்பில் கரையும் திறனும் சற்றுக் கூடும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் லோசார்ட்டன் இதற்குப் பேர்போன உதாரணம். அதை லோசார்ட்டன் பொட்டாசியம் என்று மாத்திரை அட்டையில் படித்திருப்பீர்கள். அந்தப் பொட்டாசியம் இணைந்திருப்பது டெட்ரசோல் எதிரயனியோடு.

நேர்மின்சுமை பெற்ற நைட்ரஜன்

அம்மோனியம் வகை அயனிகளில் கேள்வி தலைகீழாகிறது. இங்கே புரோட்டான் போனபின் மிஞ்சுவது நடுநிலை அமீன். அதன் எலக்ட்ரான் இரட்டை எவ்வளவு வசதியாக இருக்கிறதோ அவ்வளவு எளிதில் புரோட்டான் போகும்.

இனக்கலப்பின் (எஸ், பி ஆர்பிட்டல்கள் கலப்பதன்) விளைவு இங்கே மிகத் தெளிவு. பிப்பெரிடினியம் எஸ்பி3, 11.1. பிரிடினியம் எஸ்பி2, 5.2. புரோட்டான் ஏறிய அசிட்டோநைட்ரைல் எஸ்பி, சுமார் −10. எஸ் பங்கு கூடக் கூட எலக்ட்ரான்கள் கருவோடு நெருங்கி, புரோட்டானைப் பிடிக்கும் ஆர்வம் குறைகிறது. தூண்டல் விளைவுக்கு எத்தில்அம்மோனியம் 10.7, அதில் மூன்று ஃபுளூரின் ஏறிய 2,2,2-ட்ரைஃபுளூரோஎத்தில்அம்மோனியம் 5.7: லட்சம் மடங்கு வேறுபாடு. அனிலினியம் 4.6, மெட்டா-நைட்ரோ அனிலினியம் 2.5, பாரா-நைட்ரோ 1.0, காரணம் மேலே சொன்னதே. குவானிடினியத்தில் மட்டும் திசை எதிர்மாறு. அங்கே உடனிசைவால் நிலைப்படுவது நேரயனி. சுமை மூன்று நைட்ரஜன்களுக்கும் சமமாகப் பரவியிருப்பதால் அது புரோட்டானை விட மனமில்லாமல் 13.6-இல் நிற்கிறது.

உடனிசைவு நடக்க ஆர்பிட்டல்கள் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும் என்பதற்குச் சான்று வேண்டுமா? என்,என்-டைமெத்தில்அனிலினின் இணை அமிலம் (புரோட்டான் ஏறிய வடிவம்) 5.1. பென்சோகுயினூக்ளிடினில் நைட்ரஜன் பாலம் போன்ற கூண்டுக்குள் பூட்டப்பட்டு, அதன் எலக்ட்ரான் இரட்டை பென்சீன் வளையத்தின் தளத்திலேயே கிடக்கிறது. வளையத்தோடு கலக்க வழியில்லை. அதன் மதிப்பு 7.8. நைட்ரஜன் வளையத்தில்தான் ஒட்டியிருக்கிறது, ஆனால் உடனிசைவு இல்லை. தாளில் வரைந்த படம் மட்டும் போதாது, மூலக்கூறின் வடிவத்தையும் மனதில் கொள்ள வேண்டும்.

மெத்தில் கூடக் கூடக் காரத்தன்மை ஏறும் என்ற எதிர்பார்ப்பும் நீரில் பொய்க்கும். அம்மோனியம் 9.25, மெத்தில் 10.6, டைமெத்தில் 10.7, ட்ரைமெத்தில் 9.8. ட்ரைமெத்தில்அம்மோனியத்தில் நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு வைக்க ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் இருக்கிறது. கரைப்பான் தரும் நிலைப்பு குறைகிறது. நீரே இல்லாத வாயு நிலையில் வரிசை ஒழுங்காக ஏறி, ட்ரைமெத்தில்அமீனே இவற்றில் வலிமையான காரமாகிறது.

எந்தக் காரத்தை எடுப்பது?

ஆய்வகத்தில் இந்த எண்கள் எல்லாம் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேரும். காரத்தின் இணை அமிலத்துக்கு, நீங்கள் புரோட்டானை எடுக்கவிருக்கும் சேர்மத்தைவிட இரண்டு மூன்று அலகாவது கூடுதல் பிகேஏ இருந்தால் வினை முழுமை பெறும். சாக்கரினுக்கு சோடியம் பைகார்பனேட் போதும். தாலிமைடுக்கு டைமெத்தில்ஃபார்மமைடில் பொட்டாசியம் கார்பனேட். அமைடுக்கும் பிர்ரோலுக்கும் சோடியம் ஹைட்ரைடு. அமைடை 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவிப் பிரித்தெடுக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிஎச் 14-இலும் அசிட்டமைடு போன்ற அமைடில் பத்தில் ஒரு பங்குகூட எதிரயனியாகாது, சூடாக்கினால் நீராற்பகுத்துவிடும். சோடியம் ஹைட்ரைடையும் டைமெத்தில்ஃபார்மமைடையும் பெரிய அளவில் சேர்த்துச் சூடாக்குவது வெடிப்பு வரை போகக்கூடிய ஆபத்து. அங்கே டெட்ராஹைட்ரோஃபியூரான் நல்ல தேர்வு.

டைஐசோபுரோப்பைலமீன் போன்ற சாதாரண அமீனுக்கு, பிகேஏ சுமார் 36 என்பதால், பியூட்டைல் லித்தியம்தான் வழி. 10 மில்லிமோல் லித்தியம் டைஐசோபுரோப்பைலமைடு தயாரிக்க, உலர்ந்த டெட்ராஹைட்ரோஃபியூரானில் 1.54 மி.லி. அமீனை, அதாவது 11 மில்லிமோலை, நைட்ரஜன் சூழலில் −78 டிகிரிக்குக் குளிர்வித்து, ஹெக்சேனில் 2.5 மோலார் செறிவுள்ள பியூட்டைல் லித்தியம் 4.0 மி.லி.யைச் சொட்டாக விட வேண்டும். பிறகு 0 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, மீண்டும் குளிர்விக்க வேண்டும். அமீன் சற்று மிகுதியாக இருப்பது, வினைப்படாத பியூட்டைல் லித்தியம் மிஞ்சி வேறெங்கும் தாக்காமல் இருக்க. 18 மில்லிகிராம் ஈரம் உள்ளே நுழைந்தாலே 1 மில்லிமோல் காரம் வீணாகிவிடும். பத்தில் ஒரு பங்கு. அமீனைக் கால்சியம் ஹைட்ரைடு மேல் வாலைவடித்துப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

எண்களை ஒப்பிடும்போது கரைப்பான் ஒன்றுதானா என்று பாருங்கள். அசிட்டமைடு நீரில் 15.1, டைமெத்தில் சல்ஃபாக்சைடில் 25.5. நீர் ஹைட்ரஜன் பிணைப்பால் எதிரயனியைத் தாங்குகிறது, டைமெத்தில் சல்ஃபாக்சைடு அப்படிச் செய்வதில்லை. சுமை நன்கு பரவிய எதிரயனிகளுக்கு இந்த இழப்பு சிறியது, ஓரிரு அணுக்களில் குவிந்த சுமைக்குப் பெரியது. ஆகவே எல்லா மதிப்புகளிலும் ஒரே எண்ணைக் கூட்டி ஓர் அட்டவணையை மற்றொன்றாக மாற்றிவிட முடியாது. சக்சினிமைடுக்கு வேறுபாடு 5 அலகு, டெட்ரசோலுக்குச் சுமார் 3 அலகுதான்.